கடைசி வரிசையும் கற்றல் மனமும்
(சூழல் உளவியல் நோக்கில் வகுப்பறை அமைப்பு)

முன்னுரை

கல்வி என்றதும் ஆசிரியர், மாணவர், பாடநூல் ஆகிய மூன்றும் நம் நினைவிற்கு வருகின்றன. இம்மூன்றும் ஒன்றுகூடும் இடமாகிய வகுப்பறையை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு சுவர், ஒரு கரும்பலகை, ஒரு மேடை, வரிசை வரிசையாக நீள் இருக்கைகள் என்பது வகுப்பறையின் மாறாத இலக்கணமாகிவிட்டது. அவ்விலக்கணத்தின் ஓர் உறுப்பே கடைசி வரிசை. 'கடைசி பெஞ்சு மாணவன்' என்னும் தொடர் இன்று ஓர் இடத்தைக் குறிக்கும் தொடராக நில்லாமல், ஓர் இளைஞனின் தரத்தையே குறிக்கும் தொடராக மாறிவிட்டது.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை, வகுப்பறைகளில் இருக்கைகளைத் தமிழ் எழுத்தாகிய 'ப' வடிவில் அமைக்குமாறு அறிவுறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்னும் மலையாளத் திரைப்படம் இக்கருத்தைப் பரவலாக்கியிருந்தது. கடைசி வரிசையே இல்லாத வகுப்பறை என்று சிலர் இதனை வரவேற்றனர். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பியபடி நெடுநேரம் அமர வேண்டியிருக்கும், பக்கத்தில் அமர்வோர்க்குக் கரும்பலகை சாய்வாகத் தெரியும் என்று வேறு சிலர் ஐயுற்றனர். இவ்விரு தரப்பினரும் அறிந்தோ அறியாமலோ ஒரே துறையின் வினாக்களையே எழுப்பினர். அத்துறையே சூழல் உளவியல்.

கடைசி வரிசை என்பது மாணவன் தன்னோடு கொண்டுவரும் இயல்பா, அல்லது அறை அவனுக்கு அளிக்கும் இயல்பா என்னும் வினாவிற்கு அத்துறையின் துணைகொண்டு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

சூழல் உளவியல் – ஒரு விளக்கம்

மனிதனின் நடத்தையை அவனது மனத்தை மட்டும் ஆராய்ந்து அறிய இயலாது. அவன் நிற்கும் இடத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை. நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்து விளைவிக்கும் பயன் என்று உளவியல் அறிஞர் குர்ட் லெவின் 1936இல் ஒரு வாய்பாடாகவே எழுதினார். அவரிடம் பயின்ற ராஜர் பார்க்கர், 1947இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூராகிய ஒஸ்கலூசாவில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்து, அவ்வூர்ப் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை எங்கெங்கே எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைப் பல்லாண்டுகள் குறித்து வந்தார். 1968இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் புரோஷான்ஸ்கி முதலியோர் இதனை முனைவர் பட்டத்திற்குரிய தனித் துறையாகத் தொடங்கினர்.

பார்க்கர் கண்ட உண்மை எளியது. ஒரே பிள்ளை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆளாக நடந்துகொள்கிறது. வெவ்வேறு பிள்ளைகளோ ஒரே இடத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் நடந்துகொள்கின்றனர். இத்தகைய இடத்தை அவர் 'நடத்தைக் களம்' என்றார். இதனை விளக்க நாம் கான்சாஸ் வரை செல்ல வேண்டியதில்லை. கோபிசெட்டிபாளையத்துச் சந்தையில் உரத்த குரலில் விலை பேசும் ஒருவர், அடுத்த கால்மணி நேரத்தில் பள்ளிவாசலின் வாயிலைக் கடந்ததும் குரல் தாழ்த்துகிறார், காலணியைக் கழற்றுகிறார், அருகில் நிற்பவருடன் தோளிணைந்து வரிசையில் நிற்கிறார். அவருக்கு எவரும் அறிவுரை கூறவில்லை. இடமே கூறிற்று. வகுப்பறையும் இவ்வாறே ஒவ்வொரு நாளும் மாணவனுக்கு எதையோ கூறிக்கொண்டிருக்கிறது. அது என்ன கூறுகிறது என்பதை நாம் செவிமடுக்க வேண்டும்.

மரபில் கற்றல் இடங்கள்

வரிசை முறை கல்வியோடு உடன்பிறந்ததன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிவாசலின் ஒரு பகுதியில், பேரீச்ச ஓலை நிழலில், வீடு வாசலற்ற தோழர்கள் தங்கிக் கற்றனர். 'சுஃப்பா' எனப்பட்ட அவ்விடத்தைத் தமிழ் முஸ்லிம்கள் 'திண்ணை' என்றும், அங்குக் கற்றோரைத் 'திண்ணைத் தோழர்கள்' என்றும் வழங்குவது நயமான மொழிபெயர்ப்பு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையில் கற்றவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் கெய்ரோவில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த அல்அஸ்ஹர் போன்ற பெரும் பள்ளிவாசல்களில், ஆசிரியர் ஒரு தூணருகே அமர, மாணவர் அவரைச் சூழ வட்டமாக அமர்ந்து கற்பர். வட்டம் என்னும் பொருளுடைய 'ஹல்கா' என்னும் சொல்லே அவ்வகுப்பிற்குப் பெயராயிற்று. ஓர் அமைப்பின் வடிவமே அதன் பெயராக நிலைத்தது எண்ணத்தக்கது.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடமும் இத்தகையதே. பரப்பிய மணலில் விரலால் எழுதுதலும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தலும் அதன் இயல்புகள். அங்கே கண்டிப்பும் பிரம்பும் இருந்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இருந்ததில்லை. ஆதலின் அதனைப் பொற்காலமாகக் கொண்டாட வேண்டியதில்லை. எனினும் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் எட்டும் தொலைவில் எழுதும் பரப்பு இருந்தது என்பது மறுக்கவியலாதது.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு தம் பள்ளியில் அதனைக் கைக்கொண்டார். 1797இல் அவர் எழுதிய நூலின் வழியே இம்முறை 'சென்னை முறை' என இங்கிலாந்தில் பரவிற்று. அதே காலத்தில் இலண்டனில் ஜோசஃப் லங்காஸ்டர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே பெருங்கூடத்தில், மேடையை நோக்கிய நீண்ட வரிசைகளில் அமர்த்தினார். குறைந்த செலவில் மிகுந்த பிள்ளைகளை ஒருவரே கண்காணிக்க வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். திண்ணையிலிருந்து கடல் கடந்து சென்ற கல்வி முறை, ஆங்கிலேயர் ஆட்சியின் பள்ளிகளோடு வரிசையும் மேடையுமாய் நம்மிடம் திரும்பி வந்தது எனலாம். கண்காணிப்பிற்காகப் பிறந்த வடிவத்தைக் கற்றலுக்குரிய வடிவமாக நாம் இன்றளவும் கொண்டிருக்கிறோம்.

இருக்கையும் பங்கேற்பும்

வரிசை வகுப்பறையில் யார் பேசுகிறார்கள், யார் வாய் திறப்பதில்லை என்பதை ராபர்ட் சோமர் 1960களில் ஆராய்ந்தார். முன்வரிசையினர் பின்வரிசையினரைக் காட்டிலும், நடுவில் இருப்போர் ஓரத்தில் இருப்போரைக் காட்டிலும் மிகுதியாகப் பங்கேற்பதை அவர் கண்டார். 1970இல் ஆடம்சும் பிடிலும் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, முன்னும் நடுவுமாகிய ஒரு சிறு பகுதியிலேயே ஆசிரியர்–மாணவர் உரையாடலின் பெரும்பங்கு நிகழ்கிறது என்றனர். அதனைச் 'செயல் மண்டலம்' என்று வழங்குவர். அதற்கு வெளியே அமர்ந்திருப்போர் உடலால் வகுப்பறையின் உள்ளே இருப்பினும், உரையாடலால் அதன் வெளியே இருக்கின்றனர்.

ஆர்வமுள்ளவர் தாமே முன்னால் அமர்கின்றனர். அதனால்தான் முன்வரிசை சிறக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. இதனைச் சோதிக்கவே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பொன்றில் கேத்தரின் பெர்கின்சும் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் மாணவர்க்கு இருக்கைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினர்; பருவத்தின் நடுவே முன்னோரைப் பின்னும் பின்னோரை முன்னுமாக மாற்றினர். தொடக்கத்தில் பின்னால் அமர்ந்தவர்கள், பின்னர் முன்னால் வந்தபோதும், தேர்ச்சியில் பின்தங்கினர் என்று 2005இல் எழுதினர். இத்தகைய சோதனையைத் திரும்பச் செய்த வேறு சிலர் அவ்வளவு வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே இருக்கை ஒன்றே மதிப்பெண்ணை முடிவு செய்கிறது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. பங்கேற்பைப் பொறுத்தவரையிலோ இருக்கைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பலமுறை காணப்பட்டுள்ளது.

அவ்வாறாயின் 'ப' வடிவம் இச்சிக்கலைத் தீர்க்குமா? சோமரின் ஆய்வு இங்கும் ஒரு செய்தி தருகிறது. சுற்றி அமரும் சிறு வகுப்புகளில், ஆசிரியருக்கு நேரெதிரே இருப்போர் மிகுதியாகவும், பக்கங்களில் இருப்போர் குறைவாகவும் பேசினர். மனிதர் தம் கண்ணுக்கு நேரே இருப்பவரிடமே எளிதில் பேசுவர். எனவே 'ப' வடிவத்தில் கடைசி வரிசை மறைந்தாலும், ஆசிரியரின் பார்வைக்கு எட்டாத பக்கக் கோடிகள் புதிய கடைசி வரிசையாக மாறக்கூடும். 2008இல் இருக்கை அமைப்புகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட வன்னார்க்கா, ரூல் ஆகிய இருவரும், தனித்து எழுதும் பணிக்கு வரிசையும், கலந்து பேசும் பணிக்குக் குழு அமைப்பும் பொருந்துகின்றன என்றனர். பணிக்கு ஏற்ப வடிவம் மாறவேண்டும் என்பதே இதன் சாரம். எழுத்துகளுள் ஒன்றை மட்டும் பயன்படுத்தி நாம் எழுதுவதில்லை. 'ப' போதாத இடத்தில் 'ட'வும் 'ம'வும் வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையும் இதனோடு தொடர்புடையது. பார்க்கரும் பால் கம்பும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய பள்ளிகளின் மாணவர்கள் நாடகம், விளையாட்டு, இதழ் முதலியவற்றில் பொறுப்பான பங்கு மிகுதியாக ஏற்பதைக் காட்டினர். ஆள் குறைவான களத்தில் ஒவ்வொருவரும் தேவைப்படுகின்றனர்; ஆள் மிகுந்த களத்தில் பலர் பார்வையாளராக நின்றுவிடுகின்றனர். தேவைப்படுபவன் வளர்கிறான் என்பது இதனால் விளங்கும். பெரிய வகுப்பைச் சிறு குழுக்களாகப் பகுப்பதன் உளவியல் நியாயமும் இதுவே.

ஒலி, ஒளி, வெப்பம்

கடைசி வரிசையை உண்டாக்குபவை இருக்கைகள் மட்டுமல்ல. கேட்காத குரலும் தெரியாத எழுத்தும் தாங்கவியலாத வெப்பமும் அதனை உண்டாக்குகின்றன.

நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளியை ஒட்டி மேம்பாலத் தொடர்வண்டிப் பாதை ஒன்று சென்றது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி கடக்கும்போதெல்லாம் ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. 1975இல் ஆர்லின் புரோன்சாஃப்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும், அப்பள்ளியில் பாதைப்பக்க அறைகளில் பயின்றோரையும் மறுபக்கத்து அமைதியான அறைகளில் பயின்றோரையும் ஒப்பிட்டனர். ஆறாம் வகுப்பை எட்டும்போது இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர்த் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் அட்டைகள் வைக்கப்பட்டன. அறைகளின் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981இல் மீண்டும் ஆராய்ந்தபோது அவ்வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகள் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, அறை மாறிற்று. நெடுஞ்சாலையை ஒட்டிய நம் பள்ளிகளும், ஒரே கூடத்தில் தட்டி மறைப்புடன் இரண்டு வகுப்புகள் நடக்கும் பள்ளிகளும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெப்பம் நம் வட்டாரத்திற்கே உரிய கேள்வி. ஈரோடு வட்டாரத்தில் சித்திரைப் பகல் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்புப் பொதுத்தேர்வுகளோ மார்ச், ஏப்ரல் திங்களை ஒட்டியே வருகின்றன. ஓராண்டின் உழைப்பு முழுவதையும் வெப்பம் ஏறும் பருவத்தில் அளந்து பார்க்கிறோம். அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவரின் தேர்வு விவரங்களைக் கொண்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் கல்வியாண்டின் வெப்பநிலை 1 பாகை ஃபாரன்ஹீட் கூடினால் அவ்வாண்டின் கற்றல் ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்று கணித்தது. கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகள் நடுமுற்றத்தின் வழியே வெப்பக் காற்றை மேலே அனுப்பி, சுற்றிய தாழ்வாரத்தில் நிழல் காத்தன. ஓட்டுக் கூரையின் இடுக்குகள் மூச்சு விட்டன. அவ்வறிவை மறந்து, தாழ்ந்த கூரையில் தகடு வேய்ந்து, அதன் அடியில் அறுபது பேரை அமர்த்திவிட்டு, பிற்பகலில் அவர்கள் கண் அயர்வதைச் சோம்பல் என்று கடிகிறோம்.

ஒளியைப் பற்றி இக்கட்டுரையாளர் தாமே உணர்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். பல்லாண்டுகள் பாடம் நடத்திய ஓர் அறையில், ஒரு நாள் வகுப்பு முடிந்து மாணவர் சென்றபின், கடைசி இருக்கையில் அமர்ந்து கரும்பலகையை நோக்க நேர்ந்தது. சற்று முன்னர்த் தம் கையாலேயே எழுதிய எழுத்துகளுள் வலப்பாதி தெரியவில்லை. எதிர்ச் சாளரத்தின் ஒளி பலகையில் பட்டுப் பளபளத்தது. அந்த இருக்கையில் அமர்ந்திருந்த மாணவனைக் குறிப்பெடுக்காதவன் எனப் பலமுறை கடிந்துகொண்டதும் அப்போது நினைவிற்கு வந்தது. அன்று வரை அவ்விருக்கையில் ஒருமுறையேனும் அமர்ந்து பாராதது யார் பிழை?

இங்கிலாந்தில் பீட்டர் பாரெட்டும் அவர் குழுவினரும் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் 3,766 மாணவரையும் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். மாணவரின் ஓராண்டு முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 16 விழுக்காடு வகுப்பறையின் இயல்புகளால் விளக்கத்தக்கது என்பது அவர்தம் கணிப்பு. ஒளி, காற்று, வெப்பம் ஆகியன முதன்மை பெற்றன. 'இது எங்கள் அறை' என்று பிள்ளை உணர்வதும், அளவான வண்ணமும் அவற்றை அடுத்து நின்றன. சுவர் முழுதும் படங்களால் நிறைப்பது நன்றென்று கருதுவோர் உளர். ஆனால், அளவுகடந்த அலங்காரம் சிறுவரின் கவனத்தைப் பாடத்திலிருந்து பிரிக்கிறது என்பதை அமெரிக்காவில் அன்னா ஃபிஷரும் அவர் குழுவினரும் 2014இல் காட்டியுள்ளனர்.

சாளரத்திற்கு வெளியே தெரிவதும் பாடத்திற்கு உதவும். 2016இல் இல்லினாய் மாநிலத்து ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் 94 மாணவரை ஆராய்ந்த லீ, சல்லிவன் ஆகியோர், மரம் செடிகள் தெரியும் சாளரமுள்ள அறையில் சிறு இடைவேளைக்குப் பின் மாணவரின் கவனம் நன்கு மீள்வதைக் கண்டனர். சாளரமற்ற அறையிலும், வெறுஞ்சுவர் தெரியும் அறையிலும் அம்மீட்சி காணப்படவில்லை. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் கோபிசெட்டிபாளையத்தைச் சூழ நெல்லும் வாழையும் தென்னையுமாய்ப் பசுமை விரித்திருக்கின்றன. பிள்ளை வேடிக்கை பார்க்கும் என்று அஞ்சிச் சாளரத்தின் கீழ்ப்பாதியை அடைத்துவிடும் வழக்கம் இவ்வூருக்குச் சற்றும் பொருந்தாது.

தமிழகத்தின் பட்டறிவு

இவையெல்லாம் மேலைநாட்டு ஆய்வுகள்; நமக்கு ஒவ்வுமா என்று வினவுவோர்க்கு, தமிழகமே ஒரு பெரும் சோதனையை நிகழ்த்தியுள்ளது என்பதை நினைவூட்டல் வேண்டும். 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம். பி. விஜயகுமார் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவு அதற்கு ஊக்கமளித்தது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது.

அம்முறையைப் பலரும் அட்டைகளின் முறை என்றே நினைவுகூர்கின்றனர். உண்மையில் அது இடத்தின் வடிவையே மாற்றிய முறை. நீள் இருக்கைகள் அகற்றப்பட்டுப் பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் மேடை விட்டிறங்கி அவர்களோடு தரையில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எனக் கரும்பலகை தீட்டப்பட்டது. அட்டைகள் அவர்களே எடுத்துத் திரும்ப வைக்கக்கூடிய தட்டுகளில் இருந்தன. தலைக்கு மேல் கட்டிய கம்பியில் அவர்தம் படைப்புகள் தொங்கின. அதுவரை ஆசிரியருக்கே உரியதாயிருந்த கரும்பலகை முதன்முறையாகக் குழந்தையின் உடைமையாயிற்று. மணற்பரப்பில் விரல் வைத்த பழைய திண்ணைப் பிள்ளையின் உரிமை இருநூறு ஆண்டுகள் கழித்து மீண்டது எனினும் பொருந்தும்.

அம்முறையின் குறைகளும் பேசப்பட்டன. அட்டைகளின் மிகுதி, ஆசிரியரின் சுமை, பெற்றோரின் ஐயம் எனப் பல காரணங்களால் அது பின்னர் மாற்றம் பெற்றது. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எனத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களாக்குதலும், அறைக்குள் படித்தலுக்கும் பாடலுக்கும் கதைக்கும் தனித்தனிக் களங்கள் அமைத்தலும் இடம்பெற்றன. திட்டங்கள் மாறினும், அறையைப் பிள்ளைக்கேற்ப வகுத்தல் என்னும் கருத்து நிலைத்துள்ளது.

தில்லியின் கபீர் வாஜ்பேயி முதலிய கட்டடக் கலைஞர்கள் உருவாக்கிய 'கட்டடமே கற்றல் துணை' என்னும் கருத்தும் இங்கு அறியத்தக்கது. கதவு திறக்கும் தரையில் கோணங்களை வரைந்தால் கதவே கோணமானியாகிறது. சாளரக் கம்பிகளை எழுத்தின் வளைவுகளாக வளைத்தால் விரல் அதில் எழுதிப் பழகுகிறது. பெரும்பொருள் இன்றியே இவை இயலும்.

இதற்கு நேர்மாறான பாடமும் நம் நெஞ்சில் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில், மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து தீப்பற்றி, 94 குழந்தைகள் மாண்டனர். குறுகிய படிக்கட்டும், நெருக்கிய அறையும், எரியும் கூரையும் சேர்ந்து அக்கொடுமையை நிகழ்த்தின. கற்றல் இடம் என்பது அழகைப் பற்றிய பேச்சன்று. உயிரைப் பற்றிய பேச்சு என்பதை அந்நாள் உணர்த்திற்று. வெளியேறும் வழி தெரியாத அறையில் மனம் கற்பதற்குரிய அமைதியை எவ்வாறு பெறும்?

நம் வகுப்பறைகளுக்குச் சில பரிந்துரைகள்

இனி, நம் ஊர்ப் பள்ளி, கல்லூரிகளில் மிகுந்த செலவின்றிச் செய்யத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, அறையை அளந்தறிதல். ஆசிரியர் தம் வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, மாணவரைக்கொண்டே ஒரு வாரம், யார் எழுந்து பேசினாலும் அவ்விருக்கையில் ஒரு புள்ளி இடச் செய்யலாம். வார இறுதியில் புள்ளி விழாத இருக்கைகளே அவ்வறையின் உண்மையான கடைசி வரிசை. அது பின்னால்தான் இருக்கும் என்பதில்லை. தூணுக்குப் பின்னும், கதவோரத்திலும், மாணவியர் பக்கத்திலும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வோர் இருக்கையிலும் ஒருமுறையேனும் ஆசிரியர் அமர்ந்து பார்த்தல். எழுத்துத் தெரிகிறதா, குரல் கேட்கிறதா, காற்று வருகிறதா என்னும் மூன்று வினாக்கள் போதும்.

மூன்றாவது, வாரந்தோறும் இருக்கைச் சுழற்சி. எவரும் ஓரிடத்திற்கே உரியவர் ஆகாதிருத்தலே இதன் பயன். பார்வை, செவிக் குறையுடையோர்க்கு மட்டும் நிலையான முன்னிடம் அளித்தல் வேண்டும்.

நான்காவது, பணிக்கேற்ற வடிவம். விளக்கவுரைக்கு வரிசை, கலந்துரையாடலுக்கு வட்டம், செயல்முறைக்குக் குழு என மாற்றுதற்குக் கனமற்ற, நகர்த்தக்கூடிய இருக்கைகள் தேவை. அவை இயலாத இடத்தில், நம் மாவட்டத்துப் பவானியில் நெய்யும் ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் ஹல்காவும் திண்ணையும் அக்கணமே அமையும்.

ஐந்தாவது, வெப்பமும் இரைச்சலும் தணித்தல். மேற்தளத்தில் வெண்சுண்ணாம்பு பூசுதல், மேற்குச் சுவரின் அருகே வேம்பும் புங்கும் நடுதல், எதிரெதிர்ச் சாளரங்களை அடைக்காதிருத்தல் ஆகியன எளியவை. சாலைப் பக்கத்து அறைகளைப் பொருள் வைக்கவும் அலுவலுக்கும் ஒதுக்கி, வகுப்புகளை உட்பக்கம் மாற்றலாம். தென்னை நார் மிகுந்த நம் வட்டாரத்தில் நார் விரிப்பால் எதிரொலியைக் குறைப்பது அரிதன்று.

ஆறாவது, அறைக்கு வெளியேயும் கற்றல் இடம் அமைத்தல். தாழ்வாரத்தில் ஒரு திண்ணை, மரத்தடியில் ஒரு சுற்றுமேடை இருப்பின், வகுப்பில் பேசாத மாணவன் அங்கே தன் தோழனிடம் ஐயம் கேட்பான்.

ஏழாவது, மாணவரைக் கேட்டல். அறையை நாள்தோறும் பயன்படுத்துவோரைக் கேளாமல் அறையை மாற்றுதல் நோயாளியைக் கேளாமல் மருந்தளித்தலை ஒக்கும். 'ப' வடிவம் பற்றிய விவாதத்திலும் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டது பிள்ளைகளின் குரலே.

முடிவுரை

நம் வட்டாரக் கல்லூரிகளுக்கு வருவோரில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். தறிக்கூடத்திலும் வயலிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள். முதல்நாள் வகுப்பிற்குள் நுழையும்போது, 'இது நமக்குரிய இடந்தானா' என்னும் அச்சத்துடன் அவர்கள் நேரே சென்று அமர்வது பின்வரிசையில்தான். அந்த அச்சம் முதல் வாரத்திற்குரியது. அவர்களை அங்கேயே மூன்றாண்டுகள் இருத்தி, எழுத்துத் தெரியாமலும் பெயர் கேட்கப்படாமலும் விட்டுவிட்டு, இறுதியில் 'இவன் கடைசி வரிசை' என்று நாமே முடிவுரை எழுதுகிறோம்.

சூழல் உளவியல் நமக்குக் கற்பிப்பது இதுவே: கடைசி வரிசை பிறவிக் குணம் அன்று; பெரும்பகுதி நாம் கட்டியது. கட்டியதை மாற்றிக் கட்டவும் நம்மால் இயலும். திண்ணையில் கற்ற எளியோர் பின்னாளில் உலகிற்கு அறிவு வழங்கியமைக்கு வரலாறு சான்று. அத்திண்ணையில் மாளிகையின் வசதிகள் இல்லை. ஆயினும் ஆசிரியரின் குரல் ஒவ்வொருவர் செவிக்கும் எட்டும் அண்மை இருந்தது. புதிய கல்வியாண்டில் நம் வகுப்பறைக் கதவைத் திறக்கும்போது, மேடைக்குச் செல்லும் முன், பின்வரிசை வரை ஒருமுறை நடந்து சென்று, அங்கிருந்து அவ்வறையை நோக்குவோமாக.